"க்ளாரிட்டி எப்படி?" – ஒரு தப்பான தீர்ப்பின் போஸ்ட்மார்ட்டம்

வீட்டில் ப்ரொஜெக்டர் இருக்கிறது என்று சொன்னதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "க்ளாரிட்டி எப்படி?" திரை எவ்வளவு பெரிசு, என்ன விலை, பல்ப் எத்தனை நாள் வரும் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இந்த ஒரே வார்த்தைக்குள் எத்தனை விஷயங்களைப் போட்டு அடைத்து வைத்திருக்கிறோம் என்பது, ஒரு நண்பருக்கு 22,000 ரூபாய் நஷ்டம் வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்த நஷ்டத்துக்குக் காரணம் நான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

கல்லூரி நண்பர். தாம்பரம் பக்கம் வீடு. அவருடைய அப்பாவுக்கு 74 வயசு, கிரிக்கெட் பைத்தியம். பார்வை மங்கிக்கொண்டே வந்ததால் டிவிக்கு ரெண்டடி முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் ஸ்கோர் படிப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் நண்பர் 48,000 ரூபாய்க்கு ஒரு 1080பி ப்ரொஜெக்டர் வாங்கி, ஹாலில் 100 இன்ச் திரை மாட்டினார். ஒரு மாசம் கழித்து எனக்கு ஃபோன். "மாப்ள, படம் வெளுத்துப் போய் இருக்குடா. ஹெச்டி சேனலுக்குத்தான் காசு கட்டுறேன், ஆனா ஹெச்டி மாதிரியே இல்ல. நீதான் இதெல்லாம் நோண்டுற ஆளு, வந்து பாரு."

ஒரு சனிக்கிழமை மத்தியானம் போனேன். டெஸ்ட் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் பாதி திரைச்சீலை. பதினைந்து நிமிஷம் பார்த்தேன். புல் தரை பச்சை பெயின்ட் மாதிரி இருந்தது. கறுப்புத் தலைமுடி சாம்பல் நிறம். விளம்பரத்தில் வரும் எழுத்துக்கு ஓரம் கலங்கியிருந்தது. காபி குடித்துவிட்டுத் தீர்ப்பு சொன்னேன்: "மெஷின் சரியில்லடா. கான்ட்ராஸ்ட் கம்மி. வந்த விலைக்குத் தள்ளிட்டு 4கே வாங்கு."

நண்பர் அப்படியே செய்தார். 26,000த்துக்கு விற்றார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு விலையில் 4கே ப்ரொஜெக்டர் வந்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி ஃபோன். "டேய், புல்லு இன்னும் அப்படியேதான்டா இருக்கு."

மென்பொருள் வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். அப்ளிகேஷன் மெதுவாக ஓடுகிறது என்றால் கோடா, டேட்டாபேஸா, நெட்வொர்க்கா என்று பிரித்துப் பார்க்காமல் "சர்வரை மாத்திடலாம் சார்" என்று டீமில் யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். ஆனால் நண்பர் வீட்டு ஹாலில் நான் செய்தது அதேதான். ஒரு படம் கண்ணுக்கு வருவதற்கு முன்னால் நாலைந்து கட்டங்களைத் தாண்டி வருகிறது. அதில் கடைசிக்கு முந்தின கட்டத்தை மட்டும் பிடித்துத் தண்டனை கொடுத்துவிட்டேன்.

ஹெச்டி என்பது புள்ளிக் கணக்கு, அவ்வளவுதான்

ஹெச்டி என்றால் என்ன? குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். மொத்தம் 20,73,600. நிறம் எப்படி இருக்கணும், வெள்ளை எந்த வெள்ளையாக இருக்கணும் என்பதற்கு பிடி.709 என்று ஒரு தரக்கோப்பு 1990லேயே வந்துவிட்டது. இதில் எங்கேயும், அந்தப் புள்ளிகளை எவ்வளவு நசுக்கி அனுப்பலாம் என்று சொல்லவில்லை. குழப்பம் முழுக்க இங்கேதான் ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். டிவி ஒளிபரப்பில் நிறத்தை ஏற்கெனவே சிக்கனப்படுத்தித்தான் அனுப்புவார்கள். வெளிச்ச அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் உண்டு, நிறம் மட்டும் நாலு புள்ளிக்கு ஒன்று. 4:2:0 என்று சொல்வது இதைத்தான். அப்படியும் ஒரு புள்ளிக்குச் சராசரியாக 12 பிட். 20,73,600 × 12 × 25 ஃபிரேம் என்றால் வினாடிக்கு சுமார் 622 மெகாபிட். நசுக்காமல் அனுப்பினால் இவ்வளவு வேண்டும்.

நண்பர் வீட்டு செட்டாப் பாக்ஸில் பென் டிரைவ் செருகிப் பதிவு செய்யலாம். அந்த ஃபைலை வேறு எங்கேயும் ஓட்ட முடியாது, பூட்டியிருக்கும். ஆனால் அளவு தெரியுமே! ஒரு மணி நேர ஹெச்டி கிரிக்கெட் 3 ஜிபி இருந்தது. வகுத்தால் வினாடிக்கு 6.7 மெகாபிட், சத்தமும் சேர்த்து. ஆக 622ஐ 6.7க்குள் அடைத்திருக்கிறார்கள். 90 மடங்குக்கு மேல் நசுக்கல். ஒரு லாரிச் சரக்கை ஸ்கூட்டரில் ஏற்றுகிற வேலை. ப்ளூரே டிஸ்க்கில் படத்துக்கு மட்டும் உச்சவரம்பு 40 மெகாபிட். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 30 ஜிபி எடுத்துக்கொண்டால் சராசரி 27 மெகாபிட் வருகிறது. அதுவும் 1920×1080தான், இதுவும் 1920×1080தான். பெட்டியில் ஒட்டியிருக்கிற பெயரும் ஒன்றேதான்.

சேனல்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. சாட்டிலைட்டில் ஒரு டிரான்ஸ்பாண்டருக்கு இவ்வளவுதான் கொள்ளளவு என்று உண்டு. அதைப் பல சேனல்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. இன்னொரு சேனலை உள்ளே நுழைத்தால் இருக்கிறவர்களுக்குப் பங்கு குறையும். நாம் பேக்கேஜ் வாங்கும்போது "எத்தனை ஹெச்டி சேனல்?" என்றுதான் எண்ணுகிறோம், அவர்களும் எண்ணிக்கையைத்தான் தருகிறார்கள்.

டிவி மறைக்கும், திரை மறைக்காது

"அதே பாக்ஸை டிவியில் போட்டா நல்லாத்தானே இருந்துச்சு?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. மெஷின் மேல் பழி போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதற்கும் கணக்கு இருக்கு. கண் டெஸ்ட்டில் 6/6 வருகிற ஒரு சாதாரணக் கண்ணால், ஒரு டிகிரியை 60 பங்கு போட்டால் வருகிற ஒரு பங்கு அளவு வரை பிரித்துப் பார்க்க முடியும். அவர் வீட்டு டிவி 32 இன்ச். அதன் அகலம் சுமார் 71 செ.மீ. 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளி 0.37 மி.மீ. அந்தப் புள்ளியைத் தனியாகப் பார்க்க வேண்டுமானால் நாலே கால் அடிக்குள் போகணும். சோபா இருக்கிறது பத்தடியில். ஆக அத்தனை வருஷமும் ஹெச்டி டிவியில் அவர்கள் ஹெச்டியைப் பார்க்கவே இல்லை. புல்லின் நசுங்கலும் தெரியவில்லை, நுணுக்கமும் தெரியவில்லை. இரண்டையும் தூரம் சமமாக மறைத்துவிட்டது.

100 இன்ச் திரையின் அகலம் 2.21 மீட்டர். ஒரு புள்ளி 1.15 மி.மீ. இதைப் பிரித்துப் பார்க்க 13 அடி வரைக்கும் முடியும். பத்தடியில் உட்கார்ந்தால் ஒளிபரப்பில் இருக்கிற நல்லது கெட்டது எல்லாம் அப்படியே கண்ணில் விழும். ப்ரொஜெக்டர் போட்டதும் படம் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போயிருந்தது தெரிய ஆரம்பித்தது.

இதே கணக்கில் 4கேயையும் பார்த்துவிடலாம். 100 இன்ச் திரையில் 4கே புள்ளி இதில் பாதி. பத்தடியில் சாதாரணக் கண்ணுக்கு அது பிரிந்து தெரியாது. இன்னொரு வேடிக்கை: பல 4கே டிஎல்பி ப்ரொஜெக்டர்களில் சிப்புக்குள் இருக்கிற குட்டிக் கண்ணாடிகள் 1920×1080தான். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் படத்தை மிக வேகமாக நாலு இடத்துக்கு நகர்த்தி 83 லட்சம் புள்ளி போடுகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்கிறது, ஏமாற்று வேலை இல்லை. ஆனால் உள்ளே வருகிறது 6.7 மெகாபிட் கிரிக்கெட் என்றால் எந்தக் கண்ணாடியை எங்கே நகர்த்தி என்ன?

புல், சீரியல், மூணு சுழி

ப்ரொஜெக்டர் விமர்சனங்களில் எப்போதும் ஹாலிவுட் படக் காட்சிகளை வைத்துத்தான் பார்ப்பார்கள். நம் வீட்டில் ஓடுகிறது அதுவா? நம் வீட்டில் ஓடுகிறதை வைத்தே சோதிக்கலாம் என்று ஆரம்பித்தேன். மூன்று விஷயம் பிடிபட்டது.

முதலாவது கிரிக்கெட். கேமரா அசையாமல் இருக்கும்போது புல் ஒவ்வொன்றாகத் தெரியும். பந்தைத் துரத்திக் கேமரா பவுண்டரி பக்கம் திரும்பினால் புல் செத்துவிடும். கேமரா நின்றதும் மறுபடி உயிர் வரும். நசுக்குகிற மென்பொருள், நகராத இடத்தைப் போன ஃபிரேமிலிருந்தே எடுத்துக்கொள்ளும், செலவில்லை. எல்லாமே நகர்ந்தால் எல்லாவற்றையும் புதிதாக அனுப்பணும், கையில் காசில்லை. அதனால் நுணுக்கமானதை முதலில் தூக்கிப் போடும். புல்லும் கேலரியில் இருக்கிற கூட்டமும்தான் முதல் பலி. சில சேனல்களில் கேமரா நிற்கும்போதுகூடப் புல் ஒரு சீரான இடைவெளியில் மூச்சு விடுகிற மாதிரி ஒரு துடிப்பு துடிக்கும். முழுப்படமாக அனுப்புகிற ஃபிரேம் வரும் நேரம் அது. இவையெல்லாம் எந்தப் ப்ரொஜெக்டரிலும் இருக்கும். இதை வைத்து மெஷினை எடை போடக்கூடாது.

கிரிக்கெட்டில் மெஷினையும் பாக்ஸையும் சோதிக்கிற விஷயம் ஒன்று உண்டு. நம் ஊர் ஹெச்டி ஒளிபரப்பு பெரும்பாலும் 1080ஐ. அதாவது ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் அடுத்த தடவை, வினாடிக்கு 50 தடவை. 140 கி.மீ. வேகத்தில் வருகிற பந்து ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் நடுவில் 78 செ.மீ. போய்விடும். இந்த இரண்டு அரைப்படங்களைச் சேர்த்து முழுப்படம் ஆக்குவது பாக்ஸின் வேலையாகவோ ப்ரொஜெக்டரின் வேலையாகவோ இருக்கும். சரியாகச் செய்யவில்லை என்றால் சுழற்றுகிற மட்டையின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதைப் பார்த்தால் மெனுவைத் திறக்கலாம், நியாயம் உண்டு.

இரண்டாவது சீரியல். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஹெச்டி ஒளிபரப்பில் இருப்பதிலேயே சுத்தமான படம் நம் சீரியல்கள்தான். ஸ்டுடியோ வெளிச்சம், நகராத கேமரா, ஒரே முகத்தை மூணு தடவை மூணு கோணத்தில் காட்டுவார்கள். நசுக்குகிறவனுக்கு இதைவிடச் சுகமான பொருள் கிடையாது. புடவை ஜரிகையின் நூல் தெரியும், மாமியார் மேக்கப் எங்கே முடிகிறது என்று தெரியும். ஆகையால் கிரிக்கெட் மோசமாகவும் சீரியல் பிரமாதமாகவும் தெரிந்தால் உங்கள் மெஷின் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். சீரியலும் மங்கலாக இருந்தால்தான் ஃபோகஸையும் இணைப்பையும் பார்க்கணும்.

மூன்றாவது நியூஸ் சேனல் ஸ்க்ரோல். தமிழ் எழுத்தை மாதிரி ஒரு டெஸ்ட் சார்ட் காசு கொடுத்தாலும் கிடைக்காது. ரெண்டு சுழி 'ன'வும் மூணு சுழி 'ண'வும் பத்தடியில் யோசிக்காமல் பிரிந்து தெரிகிறதா? மெய்யெழுத்தின் புள்ளி வட்டமாக நிற்கிறதா, தலைக் கோட்டோடு ஒட்டிக்கொள்கிறதா? நின்ற எழுத்தில் ஒரு தடவை, ஓடுகிற எழுத்தில் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் சிவப்புப் பட்டையில் மஞ்சள் எழுத்தைப் பாருங்கள். நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்று சொன்னேனே, அதன் விளைவு அங்கேதான் ஓரத்தில் கசிந்து நிற்கும். வெள்ளைப் பட்டையில் கறுப்பு எழுத்து கூர்மை, சிவப்பில் மஞ்சள் கலங்கல் என்றால் குற்றவாளி லென்ஸ் கிடையாது, ஒளிபரப்பு முறை.

கறுப்பு என்று ஒன்றை வீச முடியாது

அன்றைக்கு நான் "கான்ட்ராஸ்ட் கம்மி" என்று சொன்னது இருக்கிறதே, அதுதான் இருப்பதிலேயே கேவலமான பகுதி. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தைத்தான் வீச முடியும், இருட்டை வீச முடியாது. திரையில் கறுப்பு என்பது அறையில் இருக்கிற இருட்டுதான். ஜன்னல் வெளிச்சம் திரை மேல் விழுந்து, படத்தின் வெள்ளையில் 5 சதவீதம் அளவுக்கு இருந்தால், கிடைக்கிற கான்ட்ராஸ்ட் 105க்கு 5, அதாவது 21க்கு 1. பெட்டியில் 20,000க்கு 1 என்று போட்டிருந்தாலும் சரி, லட்சத்துக்கு 1 என்று போட்டிருந்தாலும் சரி. சனிக்கிழமை மத்தியானம் பாதித் திரைச்சீலையோடு நான் அளந்தது தாம்பரத்து வெயிலை.

லூமன்ஸ் கதையும் இப்படித்தான். தியேட்டருக்கான தரம், திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம். 100 இன்ச் திரை சுமார் 29.7 சதுர அடி. பெருக்கினால் 416 லூமன்ஸ். சாதாரண வெள்ளைத் திரையில், நல்ல இருட்டில், தியேட்டர் அளவு வெளிச்சத்துக்கு நிஜமான 416 லூமன்ஸ் போதும்! நாம் வாங்குகிறது 3,000 என்று எழுதிய பெட்டி. அந்த 3,000 வருகிற மோடில் பெரும்பாலும் முகமெல்லாம் பச்சை பூசிக்கொள்ளும். நிறம் ஒழுங்காக இருக்கிற சினிமா மோடுக்கு வந்தால் வெளிச்சம் கணிசமாக இறங்கும். கடையில் இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டினால் கண் எப்போதும் வெளிச்சமானதையே தேர்ந்தெடுக்கும். விற்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இருட்டு ஏன் முக்கியம் என்பதற்கு நமக்கு நாயகனை விட்டால் வேறு உதாரணம் வேண்டாம். பி.சி. ஸ்ரீராமுக்கு தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். வேலு நாயக்கர் வீட்டுக்குள் முகத்தில் பாதி வெளிச்சத்தில் இருக்கும், மீதி இருட்டுக்குள் போய்க் கரையும். அந்தக் கரையும் இடம்தான் அவர் வேலை. டிவி மோடில் வெளிச்சத்தை ஏற்றினால் இருட்டுக்குள் ஒளித்து வைத்ததெல்லாம் சாம்பலாக வெளியே வரும். நசுக்கின ஒளிபரப்பில் அதே இருட்டு சதுரம் சதுரமாக நகரும். "இருட்டா இருக்கு, க்ளாரிட்டி இல்ல" என்று அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால் அது ஒளிப்பதிவாளர் மேல் புகார் ஆகிவிடும். (ஒரு தற்செயல்: நாயகன் வந்த அதே 1987ல்தான் லாரி ஹார்ன்பெக் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டிஎல்பி சிப்பைக் கண்டுபிடித்தார். அதற்காக 2015ல் ஆஸ்கர் தொழில்நுட்ப விருதும் வாங்கினார்.)

இதில் ஒளிந்துகொள்கிற இன்னொரு பேய் சிக்னல் ரேஞ்ச். டிவி சிக்னலில் கறுப்பு 0 கிடையாது, 16. வெள்ளை 255 கிடையாது, 235. ப்ரொஜெக்டர் இதை 0–255 என்று தப்பாக எடுத்துக்கொண்டால் கறுப்பு சாம்பலாகும், வெள்ளை மங்கும். "வெளுத்துப் போய் இருக்குடா" என்று நண்பர் சொன்ன முதல் வாக்கியத்திலேயே நோய் இருந்தது. நான் கேட்கவில்லை.

மெழுகு முகங்கள்

க்ளாரிட்டி ஆசையின் மறுபக்கம் ஒன்று இருக்கு. ஷார்ப்னெஸ் குமிழை ஏற்றினால் படத்தில் புதிதாக ஒரு நுணுக்கமும் வராது. ஓரங்களுக்கு வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். அந்தக் கோட்டைக் கண் கூர்மை என்று நம்பும். அடுத்து நாய்ஸ் ரிடக்‌ஷன். பழைய ஃபிலிம் படத்தில் பொடிப்பொடியாக ஒரு அசைவு இருக்கும், அது ஃபிலிமின் துகள். அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்தால் கூடவே தோலின் துளைகளும் கன்னத்தின் வளைவும் போய்விடும்.

இதிலும் எனக்குக் குற்றம் உண்டு. என் வீட்டில் இரண்டு வருஷம் அதை முழு அளவில்தான் வைத்திருந்தேன். நெஞ்சில் ஓர் ஆலயம் பார்த்துக்கொண்டிருந்தபோது என் அம்மா, "என்னடா, தேவிகா முகம் மெழுகு பொம்மை மாதிரி இருக்கு" என்றார். 1962ல் வந்த படம், ஏ. வின்சென்ட் ஒளிப்பதிவு. அம்மா அதைத் தியேட்டரில் பார்த்தவர். குமிழை இறக்கினேன். திரையில் பொடி அசைவு வந்தது, அதோடு முகமும் வந்தது. அம்மா "இப்ப சரி" என்று சொல்லிவிட்டுப் படத்தைத் தொடர்ந்தார். இன்றைக்கு "4கே ரீமாஸ்டர்" என்று போட்டு வருகிற பல பழைய பாட்டுகளில் நடப்பது இந்த மெழுகு வேலைதான். கீழே எல்லாரும் "என்ன க்ளாரிட்டி!" என்று பாராட்டியிருப்பார்கள்.

கடைசிக் கட்டம்: பார்க்கிற கண்

இரண்டாவது ஃபோன் வந்த அடுத்த வாரம் என்னுடைய ஆறு வருஷப் பழைய 1080பி ப்ரொஜெக்டரையும் ப்ளூரே பிளேயரையும் தூக்கிக்கொண்டு தாம்பரம் போனேன். இந்தத் தடவை ராத்திரி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று முடிவு.

அவருடைய 4கே மெஷினில் டிஸ்க் போட்டோம். அருமை. என் பழைய மெஷினில் அதே டிஸ்க். நிறம் கொஞ்சம் வேறு, மற்றபடி பத்தடியில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல நண்பரே திணறினார். இரண்டிலும் பாக்ஸை மாட்டினோம். இரண்டிலும் அதே வெளுப்பு, அதே கலங்கல். ஆக மெஷின் விடுதலை. பாக்ஸ் மெனுவுக்குள் போனால், அவுட்புட் 720பி என்று இருந்தது. இன்ஸ்டால் பண்ண வந்தவர் விட்டுப்போனது. வருகிற 1080ஐயைப் பாக்ஸ் 720ஆகக் குறைக்க, ப்ரொஜெக்டர் அதை மறுபடி ஊத, இரண்டு தடவை அடி. அதை மாற்றினோம். ப்ரொஜெக்டரில் ஹெச்டிஎம்ஐ ரேஞ்ச் 'ஆட்டோ'வில் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தது. அதை 'லிமிடெட்' ஆக்கினோம். தலைமுடி கறுப்பானது. டியூப் லைட்டை அணைத்தோம். மொத்தச் செலவு பூஜ்யம். மீதி இருந்த ஒரே குறை புல். அது சேனலுடையது, அதற்கு நம் கையில் மருந்தில்லை.

நண்பரின் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கு அதற்கு முந்தின மாசம்தான் வலது கண்ணில் கேடராக்ட் ஆபரேஷன் ஆகியிருந்தது. நான் நிறத்தைச் சினிமா மோடில் வைத்ததும் நண்பர், "மஞ்சளா இருக்கேடா" என்றார். டிவி கடை நீலத்துக்குப் பழகின எல்லாரும் முதல் தடவை இதைத்தான் சொல்வார்கள். அப்பா ஒரு கண்ணை மூடினார், அப்புறம் மற்றதை மூடினார். "தம்பி, இந்தக் கண்ணுல வெள்ளையா இருக்கு. இந்தக் கண்ணுல மஞ்சளா இருக்கு. எது சரி?" என்று கேட்டார்.

ஒரு நிமிஷம் ஆடிப்போனேன். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், நீலத்தைத் தடுக்கும். அதை எடுத்துவிட்டுப் புது லென்ஸ் வைத்தால் நீலம் திரும்ப வரும். ஒரே திரை, ஒரே மனிதர், இரண்டு நிறம். "ஆபரேஷன் பண்ண கண்ணுதான்ப்பா சரி" என்று சொன்னேன்.

அப்புறம் வீட்டுக்கு வந்து இன்னொரு கணக்கும் போட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் அவர் சீட்டில் பார்வை 6/18 என்று இருந்தது. சாதாரணக் கண் பிரிக்கிற அளவைப் போல மூன்று மடங்கு பெரிதாக இருந்தால்தான் அவருக்குப் பிரிந்து தெரியும். 100 இன்ச் திரையில் பத்தடியில் எஸ்டி சேனலின் ஒரு புள்ளியே குறுக்குவாக்கில் கிட்டத்தட்ட அந்த அளவு. அவருக்கு எஸ்டியே ஏறக்குறையப் போதுமாக இருந்திருக்கிறது. அவருக்கு வேண்டியிருந்தது எழுத்துப் பெரிதாக இருப்பது. அதை நண்பர் முதல் நாளே சரியாகச் செய்துவிட்டார். ஸ்டூல் வேண்டாமல் சோபாவில் சாய்ந்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நானும் அவர் பிள்ளையும் புல்லைப் பற்றி விவாதித்து, பழையது விற்றுப் புதியது வரும்வரை மூன்று வாரம் அவரை மறுபடி ஸ்டூலுக்கு அனுப்பினோம்.

இப்போது நான் பார்க்கிற வரிசை

யாராவது கூப்பிட்டால் இப்போது இந்த வரிசையில்தான் பார்க்கிறேன். யார் பார்க்கப்போகிறார்கள், எந்தத் தூரத்திலிருந்து, என்ன பார்ப்பார்கள் என்பது முதலில். அடுத்தது அறையின் இருட்டு. பிறகு பாக்ஸின் அவுட்புட், சிக்னல் ரேஞ்ச். அதன் பிறகு நல்ல டிஸ்க் ஒன்று, அதோடு ஒப்பிட்டு ஒளிபரப்பு. இத்தனைக்கும் பிறகு மிச்சம் குறை இருந்தால் மெஷின். பெரும்பாலும் அங்கே வரைக்கும் போக வேண்டியே வருவதில்லை. "க்ளாரிட்டி எப்படி?" என்று கேட்டால், "எதோட க்ளாரிட்டி?" என்று திருப்பிக் கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது, பரவாயில்லை.

நண்பரிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும் மாப்ள, அந்த 22,000த்தை யார் தருவா?" என்றார். அப்பாவின் இடது கண் ஆபரேஷன் சமயத்தில் ஒரு பங்கு நான் போடுகிறேன் என்றேன். வாங்கிக்கொள்ளவில்லை. அவருடைய பழைய ப்ரொஜெக்டரை வாங்கினவர் குரோம்பேட்டைக்காரர். அதில் சினிமா பார்த்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கிறாராம்.